கரையொதுங்கிய திமிங்கலம்: உதவி வந்து சேரும்வரை செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

கடற்கரையில் ஒரு திமிங்கலம் உயிரோடு கிடப்பதைக் காணும் எவருக்கும் முதலில் தோன்றுவது, அதை எப்படியாவது தண்ணீருக்குள் தள்ளிவிட வேண்டும் என்பதுதான். இரக்கத்தில் பிறக்கும் எண்ணம் என்றாலும், பயிற்சி பெற்றவர்கள் வருவதற்கு முன் இதைச் செய்வதால் பெரும்பாலும் கேடுதான் விளைகிறது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்த உடல் எந்த இடத்துக்காக அமைந்தது என்று சற்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, கரையில் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாகவே புலப்படும்.

கரையொதுங்கும் திமிங்கலங்களில் குறிப்பிடத்தக்க பங்கு ஆழத்தில் இரை தேடும் இனங்களைச் சேர்ந்தது. பைலட் திமிங்கலங்கள், எண்ணெய்த் திமிங்கலங்கள், அலகுத் திமிங்கலங்கள் ஆகிய மூன்றும் கணவாயைத் தேடிப் பல நூறு மீட்டர் முதல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே வரை இறங்குபவை. குவியர் அலகுத் திமிங்கலம் என்னும் இனம் 2,992 மீட்டர் ஆழம் வரை சென்றதை, உடலில் பொருத்திய கருவியைக் கொண்டு ஆய்வாளர்கள் 2014-இல் பதிவு செய்தனர். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு திமிங்கலம் ஒரே மூச்சில் 3 மணி 42 நிமிடம் நீருக்கடியில் இருந்தது 2020-இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூவாயிரம் மீட்டரில் அந்த உடலின் மேல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு அழுத்தம் இருக்கும்.

இதைத் தாங்குவதற்கு அது கையாளும் வழி, எதிர்த்து நிற்பதன்று, விட்டுக்கொடுப்பது. அதன் விலா எலும்புகள் இறுக்கமாகப் பூட்டப்படாமல், நெஞ்சுக்கூடு உள்நோக்கி மடங்குவதற்கு இடம் தருகின்றன. குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டியதும் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்வதால், நைட்ரஜன் மேலும் இரத்தத்தில் கரைவது பெருமளவு தடைபடுகிறது. இதயத் துடிப்பு குறைந்து, கைகால்களுக்கு ஒப்பான துடுப்புகளுக்கும் பல உள்ளுறுப்புகளுக்கும் செல்லும் இரத்தம் சுருக்கப்பட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் முதன்மை தரப்படுகிறது. மூச்சைச் சேமித்து வைக்கும் இடம் நுரையீரல் அல்ல, இரத்தமும் தசையும்தான். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் மனிதத் தசையில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு வரை இருப்பதால், இந்தத் திமிங்கலங்களின் இறைச்சி சிவப்பாக இல்லாமல் கருமையாகவே தெரியும். ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை அறிவியல் முதன்முதலில் கண்டறிந்தது, ஜான் கென்ட்ரூ 1958-இல் வெளியிட்ட எண்ணெய்த் திமிங்கலத்தின் மயோகுளோபினில்தான் என்பதும், அதற்காக அவருக்கு 1962-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது என்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தாராளமாக அந்தத் தசையில் அது கிடைத்தது.

இப்போது அந்த உடலை மணலில் வைத்துப் பாருங்கள். நீரில் மிதந்தபோது உணராத பாரம் முழுவதும் அடிப்பக்கத் தசையின் மேல் இறங்குகிறது. மடங்குவதற்காக அமைந்த நெஞ்சுக்கூடு தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் நுரையீரலை அழுத்துகிறது. நசுங்கிய தசையில் இரத்த ஓட்டம் நின்று செல்கள் சாகத் தொடங்கும்போது, மயோகுளோபின் இரத்தத்தில் கசிந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. ஆழத்தில் உயிர் காத்த அதே புரதம் இங்கே நஞ்சாகிவிடுகிறது. திமிங்கலத்தை அவசரமாகத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டால், அடைபட்டிருந்த இரத்தம் மீண்டும் ஓடி, தேங்கியிருந்த நஞ்சையெல்லாம் ஒரேயடியாக உடல் முழுவதும் கொண்டு செல்லும். நன்றாக நீந்திப்போன திமிங்கலம் மறுநாள் வேறொரு கரையில் பிணமாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் செய்ய வேண்டியது

தொலைபேசிதான். உங்கள் பகுதியில் கடல்வாழ் உயிரினங்களுக்குப் பொறுப்பான அரசுத் துறையையோ, கடலோரக் காவலையோ, கரையொதுங்கும் விலங்குகளுக்கான மீட்புக் குழுவையோ அழையுங்கள். அழைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று சிலவற்றைக் கவனித்துக்கொண்டால், மறுமுனையில் இருப்பவர் சரியான ஆட்களையும் கருவிகளையும் அனுப்ப முடியும். இடத்தைக் கைபேசியின் வரைபடக் குறியோடு சொல்லுங்கள். திமிங்கலம் எத்தனை, உயிரோடு இருக்கிறதா, ஏறத்தாழ எவ்வளவு நீளம், குட்டி உடன் இருக்கிறதா, அலை அடித்து உருட்டுகிறதா, ஓதம் (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறுகிறதா வற்றுகிறதா என்பவற்றைச் சொல்லுங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே மக்கள் மறந்துவிடுகிறார்கள். மீட்புக் குழுவின் நேரக்கணக்கு முழுவதும் அதைச் சார்ந்தது. சில படங்களையும் எடுத்து அனுப்புங்கள்: தலை பக்கவாட்டில், முதுகுத் துடுப்பு, வால், முழு உடல்.

உயிரோடு இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். திமிங்கலத்தின் மூச்சு நம்முடையதைப் போல இழுப்பும் விடுப்புமாகத் தொடர்ந்து நடப்பதில்லை. தலையின் மேலுள்ள ஊதுதுளை திறந்து, வெடிப்பது போன்ற ஓசையோடு காற்று வெளியேறும், உடனே ஒரு குறுகிய உள்ளிழுப்பு, துளை மூடிக்கொள்ளும். பிறகு எதுவும் நடக்காது. ஒரு நிமிடம் போகும், சில வேளைகளில் பல நிமிடங்கள் போகும், நெஞ்சு அசையாது, கண் அசையாது, சுற்றி நிற்பவர்கள் ‘போய்விட்டது’ என்று பேசத் தொடங்குவார்கள். அப்போது மீண்டும் அந்த ஓசை கேட்கும். மணிக்கணக்கில் மூச்சடக்கப் பழகிய உடலிடம் நம் பொறுமையை அளவுகோலாக வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறைந்தது இருபது நிமிடமாவது ஊதுதுளையைக் கவனித்த பிறகே ஐயப்படுங்கள். இறந்துவிட்டது என்று உறுதி செய்யும் பொறுப்பைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மூச்சின் நேரத்தையும் குறித்து வைப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். மூச்சு வரவர அடிக்கடி வருகிறதா, சீராக இருக்கிறதா என்பது மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல்.

எந்த இனம் என்று கண்டறிதல்

துல்லியமாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரும்பிரிவு தெரிந்தால் மீட்பின் திட்டமே மாறும். உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பெட்டி போன்ற தலையாக இருந்து, ஊதுதுளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக ஒதுங்கி இருந்தால் அது எண்ணெய்த் திமிங்கலம். வளர்ந்த ஆண் பதினாறு மீட்டர் நீளமும் நாற்பது டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. உருண்ட நெற்றி, கருமை நிறம், உடலின் முன்பாதியில் அமைந்த அகன்ற முதுகுத் துடுப்பு, நீண்ட மார்புத் துடுப்புகள் ஆகியவை பைலட் திமிங்கலத்தின் அடையாளம். அது தனியாக வருவது அரிது.

அலகுத் திமிங்கலங்களைத்தான் மக்கள் தவறவிடுகிறார்கள், பெரிய டால்ஃபின் என்று நினைத்துவிடுவதால். நீண்டோ குட்டையாகவோ ஓர் அலகு, தொண்டையின் அடியில் முன்னோக்கி நெருங்கும் இரண்டு பள்ளக்கோடுகள், முதுகின் பின்பகுதிக்குத் தள்ளிப் போன சிறிய துடுப்பு, நடுவில் வெட்டு இல்லாத வால் ஆகியவற்றைப் பாருங்கள். மார்புத் துடுப்பை மடித்து வைப்பதற்கு உடலின் பக்கத்தில் ஆழமற்ற ஒரு குழிவும் இருக்கும். வயது வந்த ஆணின் தோல் முழுவதும் நீண்ட வெள்ளைக் கீறல்கள் காணப்பட்டால் பதற வேண்டாம். அவை கரையில் ஏற்பட்ட காயங்கள் அல்ல. பெரும்பாலான இனங்களில் ஆணுக்குக் கீழ்த்தாடையில் மட்டும் வெளியே தெரியும் இரண்டே பற்களால் ஒன்றையொன்று கீறிக்கொண்ட பழைய தழும்புகள். பற்களைக் கொண்டு இரையைப் பிடிப்பதில்லை. நாக்கைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை விரித்துக் கணவாயை அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றன. தொண்டைப் பள்ளங்கள் அந்த விரிவுக்காகவே.

மூன்று மீட்டர் அளவில், சுறாவைப் போன்ற அடியில் தள்ளிய வாயும், கண்ணுக்குப் பின்னால் செவுளைப் போல ஒரு வெளிர்ந்த வளைவும் இருந்தால் அது குள்ள எண்ணெய்த் திமிங்கலமோ அதன் நெருங்கிய உறவோ ஆகும். மிரண்டால் செம்பழுப்பு நிற நீர்மத்தைப் பீய்ச்சும். இரத்தம் என்று அஞ்ச வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில்

கூட்டத்தை விலக்குவதுதான் உங்கள் பெரிய வேலையாக இருக்கும். ஒலியால் உலகை அறியும் விலங்கின் அருகே கூச்சலும் நாய்க் குரைப்பும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அருகில் இருப்பவர் நான்கைந்து பேர் போதும்; மெதுவாக நடங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். வாலின் அருகே ஒருபோதும் நிற்காதீர்கள். சோர்ந்து கிடக்கும் திமிங்கலம் ஒரே வீச்சில் எலும்பை முறித்துவிடும். அலைக்கும் அதன் உடலுக்கும் இடையில் நிற்பதும் ஆபத்து. ஓர் அலை போதும், பல டன் எடை உங்கள் மேல் புரள்வதற்கு. ஊதுதுளையிலிருந்து வரும் துளிகளில் மனிதரைத் தாக்கக்கூடிய புருசெல்லா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கலாம். ஊதுதுளையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில் நில்லாமல், முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

பக்கவாட்டில் கிடந்தால் கீழ்ப்பக்க நுரையீரல் அழுந்துவதோடு, ஏறும் ஓதம் ஊதுதுளைக்குள் புகுந்துவிடும். சிறிய திமிங்கலமாக இருந்து, போதுமான ஆட்களும் இருந்தால், மீட்புக் குழு தொலைபேசியில் சொல்லும் முறைப்படி மெதுவாக வயிற்றின் மேல் நிமிர்த்தி, இருபுறமும் மணலை அணைத்து வையுங்கள். துடுப்பையோ வாலையோ கைப்பிடியாகப் பயன்படுத்தி இழுக்கக் கூடாது. மூட்டு விலகிவிடும், முதுகெலும்பு பாதிக்கப்படும். மார்புத் துடுப்புகள் உடலுக்கடியில் மடங்கிக் கிடந்தால், அவற்றின் கீழே கையால் மணலைத் தோண்டிக் குழி செய்து, துடுப்பு இயல்பாகத் தொங்குமாறு விடுங்கள். மண்வெட்டி வேண்டாம், தோல் நனைந்த ரப்பரைப் போல வழவழப்பாக இருந்தாலும், மேல்படலம் நகத்தாலேயே உரிந்துவிடும் அளவுக்கு மென்மையானது. குழியில் தண்ணீர் ஊறி நின்றால் நல்லது, துடுப்பு குளிர்ச்சியாக இருக்கும்.

குளிர்ச்சி இங்கே முக்கியம். ஆழ்கடலின் குளிரைத் தாங்குவதற்கான தடித்த கொழுப்புப் படலம், வெயிலில் கழற்ற முடியாத கம்பளியாகிவிடுகிறது. வெப்பத்தை வெளியேற்ற அதனிடம் உள்ள வழி, கொழுப்பு மிகக் குறைந்த துடுப்புகளும் வாலும்தான். ஆகவே வெளிர்நிறத் துணிகளை நனைத்து முதுகின் மேல் பரப்புங்கள். துடுப்புகளையும் வாலையும் மூடாமல் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள். ஊதுதுளையைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விட்டு, அதற்குள் ஒரு துளி நீரும் மணலும் போகாமல் ஒருவர் காவல் இருக்கட்டும். அந்தத் துளை நேராக நுரையீரலுக்குச் செல்கிறது; நம்மைப் போலத் தொண்டை வழி இருமி வெளியேற்றும் வசதி அதற்கு இல்லை. தண்ணீர் ஊற்றும்போது மூச்சு விட்டு முடித்து துளை மூடிய பிறகே ஊற்ற வேண்டும். நிழல் தர முடிந்தால் ஒரு தார்ப்பாயைக் கம்புகளில் கட்டுங்கள். வெயிலுக்கான களிம்பு, எண்ணெய் எதையும் தோலில் தடவாதீர்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றுவதும் மீன் ஊட்டுவதும் வேண்டாம். இந்தத் திமிங்கலங்கள் தமக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் இரையிலிருந்தும், உடலில் கொழுப்பு எரியும்போது உண்டாகும் நீரிலிருந்தும் பெறுகின்றன. பல நாள் கணவாய் கிடைக்காமல் ஆழமற்ற கடலில் அலைந்துவிட்டு வந்திருந்தால், கரையைத் தொடும் முன்பே அது நீரிழந்து போயிருக்கும். அதைச் சரிசெய்வது மருத்துவரின் குழாயால் ஆக வேண்டிய வேலை.

ஏன் வந்தது என்ற கேள்வி

கூட்டத்தில் எல்லோரும் கேட்பார்கள். ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். மென்சரிவான மணற்கரை எதிரொலியைத் தெளிவாகத் திருப்புவதில்லை. செங்குத்தான ஆழ்கடல் சரிவுகளில் துல்லியமாக வேலை செய்யும் ஒலியுணர்வு அங்கே குழம்பிவிடுகிறது. கொக்கி வடிவில் வளைந்த மணல்திட்டு உள்ள விரிகுடாக்களில், ஓதம் வற்றும்போது வெளியேறும் வழி தெரியாமல் போகிறது. நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் பகுதியில் 2017 பிப்ரவரியில் நானூறுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியதும், டாஸ்மேனியாவின் மக்குவாரி துறைமுகத்தில் 2020 செப்டம்பரில் ஏறத்தாழ 470 ஒதுங்கி நூற்றுச் சொச்சம் மட்டுமே பிழைத்ததும் இத்தகைய இடங்களில்தான். பைலட் திமிங்கலத்தின் குடும்பப் பிணைப்பு அதோடு சேர்கிறது: ஒன்று நோயுற்றுக் கரையேறினால் மற்றவை அதன் குரலைக் கேட்டுத் தொடர்கின்றன.

அலகுத் திமிங்கலங்களின் நிலை வேறு. கிரேக்கத்தின் கிபாரிசியா வளைகுடாவில் 1996-இலும், பஹாமாஸில் 2000 மார்ச்சிலும், கேனரி தீவுகளில் 2002 செப்டம்பரிலும் அவை பல இடங்களில் சிதறி ஒதுங்கியது கடற்படைகளின் சோனார் (நீருக்கடியில் ஒலியலைகளை அனுப்பிப் பொருள்களைக் கண்டறியும் கருவி) பயன்பாட்டோடு நேரத்தாலும் இடத்தாலும் பொருந்தியது. கேனரி தீவுகளில் இறந்தவற்றின் திசுக்களில் வாயுக் குமிழிகள் காணப்பட்டன. இரைக்காக ஆழ்ந்த ஒரு முழுக்கு, அதன் பின் ஆழம் குறைந்த சில முழுக்குகள் என்று அளந்து இயங்கும் விலங்கு, அச்சத்தில் அந்த ஒழுங்கைக் குலைத்துக்கொண்டால், ஆழ்கடல் மனித மூழ்காளரைத் தாக்கும் அதே குமிழி நோய் (இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிவருவது) அதையும் தாக்கக்கூடும் என்பது இன்று வலுவான விளக்கம். ஸ்பெயின் 2004-இல் அத்தீவுகளைச் சுற்றிச் சோனார் பயிற்சிக்குத் தடை விதித்தது. எனவே ஒரே நாளில் பல கடற்கரைகளில் அலகுத் திமிங்கலங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கினால், அந்தத் தகவலே ஒரு தடயம். நேரத்தையும் இடத்தையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்.

கடலுக்குத் திருப்பி அனுப்புதல்

இது குழுவின் முடிவு, நீங்கள் கைகொடுப்பவர். மருத்துவர் உடல்நிலையைப் பார்த்து, இரத்தம் எடுத்து, தகுதியுள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார். திமிங்கலத்தின் அடியில் பாய் ஒன்றைச் செருகி, இருபக்கமும் காற்றடைத்த மிதவைகளை இணைத்து, ஓதம் ஏறும்போது தானாக மிதக்கவிடுவார்கள். இழுத்துச் செல்வதைவிட இதுவே நல்லது. தண்ணீரில் இறங்கியதும் உடனே விட்டுவிடக் கூடாது. பல மணி நேரம் ஒரே நிலையில் கிடந்த உடலுக்குச் சமநிலை தவறியிருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து மூழ்கிவிடும். இடுப்பளவு நீரில் இருபுறமும் நின்று, மெல்ல இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, ஊதுதுளை நீருக்கு மேலே இருக்குமாறு தாங்கி நிற்க வேண்டும். அரை மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். தானாக நிமிர்ந்து, மூச்செடுப்பதற்காகத் தலையைத் தானே உயர்த்தும்போதுதான் பிடி தளர வேண்டும்.

பைலட் திமிங்கலங்களைத் தனித்தனியாக விடுவது வீண் உழைப்பு. மன்னார் வளைகுடாக் கரையில் மணப்பாடு அருகே 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது, மீனவர்கள் படகுகளால் இழுத்துக் கடலில் விட்டவை மீண்டும் கரைக்கே திரும்பின. கரையில் உறவுகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அவை போவதில்லை. எல்லாவற்றையும் ஆழமற்ற நீரில் ஒன்றாகத் திரட்டி, ஒரே நேரத்தில், கரையோரத்தில் இறந்து கிடப்பவற்றிலிருந்து விலகிய திசையில் அனுப்ப வேண்டும். தாயில்லாத பாலுண்ணும் குட்டியைத் தனியாக விடுவது அதைப் பட்டினியால் சாகவிடுவதாகும். அடுத்த இரண்டு நாள்களுக்கு அருகிலுள்ள கரைகளை இருபக்கமும் கண்காணிக்க ஆள் வேண்டும்.

வளர்ந்த எண்ணெய்த் திமிங்கலத்துக்கு இந்த முறை எதுவும் பெரும்பாலும் உதவாது. அதன் எடையைக் கொடுமையின்றித் தூக்கும் கருவி கடற்கரையில் கிடைக்காது. 2016-இன் தொடக்கத்தில் வட கடலைச் சுற்றிலும் ஏறத்தாழ முப்பது ஆண் எண்ணெய்த் திமிங்கலங்கள் ஒதுங்கின; அந்தக் கடல் அவற்றுக்கு மிகவும் ஆழமற்றது, உண்ணக் கணவாயும் போதாது. இப்படிப்பட்ட நிலையில் மருத்துவர் கருணைக்கொலையைப் பரிந்துரைத்தால், அல்லது அதுவும் இயலாமல் அமைதியாகச் சாகவிடச் சொன்னால், அதை எதிர்த்து வாதிட வேண்டாம்.

இறந்த பிறகு

உடலுக்குள் வாயு பெருகி அது ஊதத் தொடங்கும். மேலே ஏறவோ கத்தியால் குத்தவோ கூடாது. 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரத் தெருவில், லாரியில் கொண்டு செல்லப்பட்ட பதினேழு மீட்டர் எண்ணெய்த் திமிங்கலம் தானாகவே வெடித்துக் கடைகளையும் வண்டிகளையும் இரத்தக் களரியாக்கியது. வேண்டுமென்றே வெடிக்க வைத்ததும் உண்டு: அமெரிக்காவின் ஓரிகனில் 1970 நவம்பரில் ஒரு சடலத்தை அரை டன் டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள், தொலைவில் நின்ற காரின் கூரை, பறந்து வந்த கொழுப்புத் துண்டால் நசுங்கியது. மருந்தால் கருணைக்கொலை செய்யப்பட்ட சடலமாக இருந்தால், அதை உண்ணும் பறவைகளுக்கும் நாய்களுக்கும் நஞ்சு. அது அகற்றப்படும்வரை காவல் தேவை. பல்லோ எலும்போ எடுத்துச் செல்வது பல நாடுகளில் குற்றம்.

ஆனால் ஆய்வாளர்கள் வரும் முன் உடல் அலையில் அடித்துச் செல்லப்படலாம் என்றால், நீங்கள் எடுக்கும் அளவுகளே எஞ்சும். ஆழ்கடல் இனங்களைப் பொறுத்தவரை இது சிறிய உதவியன்று. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் ஒதுங்கிய குவியர் அலகுத் திமிங்கலத்தின் வயிற்றில் நாற்பது கிலோ பிளாஸ்டிக் இருந்தது தெரியவந்தது, அதை ஒருவர் அறுத்துப் பார்த்ததால்தான். மண்வெட்டிப் பல் திமிங்கலம் என்னும் அலகுத் திமிங்கலம் 1874-இல் ஒரு கீழ்த்தாடையைக் கொண்டு மட்டுமே விவரிக்கப்பட்டது. 2010-இல் நியூசிலாந்தில் ஒரு தாயும் குட்டியும் ஒதுங்கியபோது வேறோர் இனம் என்று கருதிப் புதைத்துவிட்டார்கள். எடுத்து வைத்த சிறு திசுவின் மரபணுவைப் பார்த்த பிறகே உண்மை தெரிந்தது. 2024 ஜூலையில் அங்கே மீண்டும் ஒன்று ஒதுங்கிய பிறகுதான், கெடாத ஒரு முழு உடலை ஆய்வாளர்களால் முதன்முறையாக அறுத்து ஆராய முடிந்தது.

நீளத்தை அளக்கும்போது மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பகுதி வரை, உடலின் வளைவைப் பின்பற்றாமல், பக்கத்தில் மணலில் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் அடிவயிற்றுப் பகுதியையும், கீழ்த்தாடையில் பல் இருக்கும் இடத்தையும் தனித்தனியாகப் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுநாடாவையோ, அது இல்லையெனில் அளவு தெரிந்த ஏதேனும் ஒரு பொருளையோ பக்கத்தில் வைத்து எடுங்கள்.